மருமகனுக்கு ஒரு லீவர் துவக்கு

மெல்பேர்னில் இருக்கும் மருமகன் வட்சப்பில் குரல் அனுப்பியிருந்தான். இங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது, அவனுக்கு விடிந்திருக்கும். நான் வயல் காவலில், கொட்டிலுக்குள் சாக்கைப் போர்த்துக்கொண்டு இருந்தேன்.

"மாமா, அந்தக் கௌபோய் காலத்து லீவர் சொட்கன் ஒண்டு எடுக்கப்போறன். ஒறிஜினல் எடுக்கிறதோ, இப்ப செய்யிற கொப்பி எடுக்கிறதோ? நீங்கள் சிட்னியில சுட்டுப் பாத்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவா."

லீவர் சொட்கன் என்றால், விசைக்குக் கீழே இருக்கும் பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும், சன்னம் சுடும் துவக்கு. கீழ் வரம்புப் பக்கம் பன்றி உறுமிக் கேட்டது. என் கையில் இருந்தது ஒரு டோர்ச் லைட்டும் நாலு யானை வெடியும். அதை வைத்துக்கொண்டு கௌபோய் துவக்குக்குப் புத்தி சொல்லப் போகிறேன் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது. குரலில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். அவனைப் போல வேறு பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்றால், ஒரு துவக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுடையது. வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் காடு வெட்டி வயலாக்கிய காலத்தில் லைசென்ஸோடு எடுத்த ஒற்றைக் குழல் 12 போர் (போர் என்பது குழலின் வாயளவு), பேர்மிங்ஹாமில் செய்த கிரீனர். மற்றவர்களின் துவக்குகள் நடுவில் மடிந்து திறக்கும். எங்களுடையது மடியாது. விசைக்குப் பின்னால் இருக்கும் லீவரைக் கீழே இழுத்தால் உள்ளே இரும்பு பிளாக் பொத்தென்று இறங்கும், வெறுந்தோட்டா பின்னால் வரும், உள்ளே தோட்டாவை அடிக்கும் குதிரையும் தானாக ஏறிவிடும். தோட்டா ஈரத்தில் பொருமி இழுபட்டால் லீவரில் முழங்கையைப் போட்டு அமத்துவார். சோங்கு, அதாவது தோளில் வைக்கும் மரப்பிடி, ஒரு முறை வெடித்து, முதிரைப் பலகையில் செதுக்கிப் போட்டது. அதன் பிறகு துவக்கு ஒரு இறாத்தல் கூடிவிட்டது. துடைப்பது தையல் மெஷின் எண்ணெய். தைப்பொங்கலுக்கு அரிவாளோடும் மண்வெட்டியோடும் அதற்கும் சந்தனப் பொட்டு வைப்போம். 1980களில் எங்கள் பக்கத்து லைசென்ஸ் துவக்குகள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனபோது அதுவும் போனது. அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

ஆக, லீவர் என்றால் என் கை தானாக நீளும். நான் இடக்கைக்காரன் வேறு. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

2018 ஆடியில் மனுசியும் நானும் சிட்னிக்குப் போனோம், மச்சானின் வீட்டுக்கு, பென்டில் ஹில்லில். மனுசியின் தம்பி. ஊரில் இருந்தபோது கெட்டபோலால் மாங்காய் அடிக்கவே குறி தவறியவன், அங்கே போய்க் கௌபோய் சூட்டுக் கழகத்தில் சேர்ந்திருந்தான். இந்த விளையாட்டில் ஆளுக்கு நாலு துவக்கு: இரண்டு ரிவோல்வர், ஒரு லீவர் ரைபிள், ஒரு சொட்கன். எல்லாம் 1800களின் கடைசிக் காலத்து மாதிரியாக இருக்க வேண்டும். தொப்பி, சப்பாத்து, இடுப்புப் பட்டி எல்லாம் அந்தக் காலத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயரும் வேண்டும். மச்சான் வைத்திருந்த பெயர் 'பண்டாரவன்னியன்'. 1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு போனவரின் பெயரை, கற்சிலைமடுவில் கல் நட்டிருக்கும் அந்த ஆளின் பெயரை, வெள்ளைக்காரப் புள்ளி எழுதுபவர் ஒலிபெருக்கியில் 'பண்டா' என்று சுருக்கிக் கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டேன். போகட்டும்.

மச்சானிடம் சொட்கன் மட்டும் இருக்கவில்லை. இரட்டைக் குழல் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் நின்ற காலத்தில்தான் சொந்தமாக ஒன்று எடுக்கும் யோசனை வந்தது. அதனால் மூன்று லீவர் சொட்கன்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிர்ஷ்டம் எனக்குக் கிடைத்தது: ஒரு அசல், ஒரு சீனத்துக் கொப்பி, ஒரு இத்தாலியக் கொப்பி.

மூன்றும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். வின்செஸ்டர் 1887. வரைந்தவர் ஜோன் பிரவுனிங், யூட்டா மாநிலத்து ஒக்டன் ஊர்க்காரர், துவக்குத் தச்சரின் மகன். குழலுக்குக் கீழே கையால் முன்பின் இழுக்கும் பம்ப் மாதிரிதான் சொட்கனுக்குச் சரி என்று அவர் வின்செஸ்டருக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. லீவர் ரைபிளால் பெயர் எடுத்த கொம்பனி, சொட்கனும் லீவரில்தான் வேண்டும் என்று நின்றது. கேட்டபடி செய்து கொடுத்தார். 1887 முதல் 1901 வரை 64,855 செய்தார்கள், 10 போரிலும் 12 போரிலும். அதற்கிடையில் அவர் சொன்ன பம்ப் மாதிரியும் 1893-இல் வந்து, 1897-இல் திருத்தம் கண்டு, விற்பனையில் இதை விழுங்கிவிட்டது. 1901-க்குப் பிறகு லீவரை 10 போரில் மட்டும், கொஞ்சம் பலப்படுத்தி, 1920 வரை செய்தார்கள். 12 போரில் செய்தால் தங்கள் சொந்தப் பம்ப் துவக்கோடு தாங்களே போட்டிக்கு நிற்க வேண்டிவரும் அல்லவா?

மருமகனே, இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ வாங்கப்போவது, செய்தவரே அரைமனதோடு செய்த ஒரு துவக்கு. அது தெரிந்து வாங்கினால் பிறகு மனம் நோகாது.

முதலில் அசல். கழகத்தில் ஒரு வயதானவரிடம் இருந்தது. கையில் தரும்போது பச்சைப் பிள்ளையைத் தருவது போலத் தந்தார். 12 போர், 30 அங்குலக் குழல், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நீலம் எல்லாம் போய் இரும்பு புளி போட்டுத் தேய்த்த பழைய செம்பு மாதிரி மண்ணிறமாகிவிட்டது. துவக்கின் நடு இரும்புச் சட்டத்தின் இடது பக்கத்தில் கொம்பனியின் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கோலம் போட்டது போலக் கிடக்கும். லீவரை இழுத்தேன். அப்பாவின் கிரீனரில் பிளாக்கின் பின்முனை அங்கேயே நிற்க முன்முனை கீழே சாயும்; இதில் பிளாக் லீவரோடு சேர்ந்து உருண்டு பின்னால் கவிழ்கிறது, சில்லின் கால்வாசி போல. மேல்பக்கம் முழுவதும் வாயைப் பிளந்தபடி திறக்கிறது. உள்ளே எல்லாம் தெரியும். நூறு வருசத்துக்கு மேல் இழுத்து இழுத்து வழுவழுத்துப்போய், எண்ணெயில் விழுந்த சாவி திரும்புவது போல அவ்வளவு சொகுசு. அந்தச் சொகுசு எந்தக் கொப்பியிலும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

ஆனால் அதை நீ எடுக்காதே. காரணம் விலை அல்ல, விலையும் ஒரு காரணம் என்றாலும். காரணம் 3 மில்லிமீற்றர்.

அந்தப் பெரியவர் ஒரு புதுத் தோட்டாவையும் தன்னுடைய பழைய அளவுத் தோட்டாவையும் மேசையில் நிறுத்திக் காட்டினார். 12 போர் அசலின் அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) இரண்டே ஐந்தெட்டு அங்குலத் தோட்டாவுக்கு வெட்டியது, அதாவது 67 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இன்று கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டா இரண்டே முக்கால், 70 மில்லிமீற்றர். அப்படியென்றால் 70 உள்ளே போகாதுதானே என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். போகும், வடிவாகப் போகும். தோட்டாப் பெட்டியில் 70 என்று போட்டிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்க முன்னர், வாய் மடித்திருக்கும்போது, 60 கூட வராது. வில்லங்கமே இல்லாமல் உள்ளே போய் உட்காரும், பூட்டும் மூடும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிய இடமில்லாமல், அறை ஒடுங்கும் இடத்தில் போய் நெருக்கும். குழல் வழியே போக வேண்டிய அமுக்கம் பின்னால் ஏறும். போதாக்குறைக்கு அந்த இரும்பு கரிமருந்துக்குச் செய்தது. இன்றைய புகையில்லா மருந்தின் குணம் வேறு. அவர் தன்னுடைய துவக்குக்குக் கரிமருந்துத் தோட்டாவைத் தானே கட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு போட்டி முடியவும் வீட்டில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு வைக்கிறார். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து ஒரு இரவிலேயே துருவைக் கொண்டுவரும். ஓய்வூதியம் எடுக்கும் ஆளுக்கு அது பூசை மாதிரி. இரண்டு வேலைக்கு ஓடும் உனக்குச் சரிவராது.

சீனத்துக்கு வருவோம். 20 அங்குலக் கட்டைக் குழல், சோக் (குழல் வாயை ஒடுக்கும் வளையம்) இல்லை, சாயம் அடித்த ஏதோ வெளிறிய மரம். விலை மூன்றிலும் குறைவு. சட்டம் தடித்த உருக்கு. பலத்தில் குறை சொல்ல மாட்டேன். முதல் தரம் லீவரை இழுத்தபோது புதுக் கிணற்றுக் கப்பி கத்துவது போல ஒரு உணர்வு, காதில் அல்ல, கையில். மூலைகள் எல்லாம் வெட்டியபடியே விட்டிருந்தார்கள். லீவர் வளையத்தின் உள்விளிம்பு என் நடுவிரல் முட்டியில் கோடு கிழித்தது. ஆனால் அதே கழகத்தில் இன்னொருவரிடம் அதே மாதிரி இருந்தது. அவர் தொழிலால் மெஷின் திருத்துபவர். கழற்றி, உள்ளே உரசும் இடங்களைப் பார்த்துப் பார்த்து மெருகேற்றி, வில்லு ஒன்றை மாற்றி வைத்திருந்தார். அது வெண்ணெய். ஆகவே பட்டறை வேலை தெரிந்தவனுக்குச் சீனம் நல்ல சாமான், அதுவும் துவக்கை நம்பிக் கொடுக்கக்கூடிய லைசென்ஸ் உள்ள திருத்துநர் பக்கத்தில் இருந்தால். உனக்குச் சைக்கிள் செயின் போடவே இரண்டு பேர் வேண்டும். கோவிக்காதே, அம்மா சொன்னதுதான்.

இத்தாலியம்தான் மச்சான் எடுத்தது. எந்தக் கொம்பனி என்று இங்கே எழுதவில்லை, கீழே அதன் குறையும் வருகிறது. கடையில் லைசென்ஸ் இல்லாத என் கையில் தரவில்லை, அது நியாயம். மச்சான் பிடித்திருக்க நான் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வால்நட் சோங்கு. சட்டத்தில் நீலமும் ஊதாவும் மண்ணிறமுமாக ஒரு நிறம், மழைத் தண்ணீரில் டீசல் சிந்தினால் படரும் அதே நிறம். பழைய காலத்தில் எலும்புக்கரியோடு சூளையில் வைத்து எடுத்த நிறம் அது. இப்போது பலர் மருந்து பூசியே அப்படிக் காட்டுகிறார்கள், பாவிக்கப் பாவிக்கக் கைபடும் இடத்தில் மங்கும். நிறத்தைப் பார்த்து மயங்காதே. நானும் மயங்கினேன், அதனால் சொல்கிறேன்.

கடைக்காரர் 22 அங்குலமும் 28 அங்குலமும் எடுத்து வைத்தார். மச்சானின் கண் 28-இல். நீளக் குழல் தோளில் வைத்தால் துவக்கு துவக்காக இருக்கும், பறவை சுடுபவனுக்கு அதுதான் சரி. இவன் ஓடி ஓடிக் குறித் தகட்டை விழுத்தப் போகிறான்.

"மச்சான், உனக்கு உயரம் காணாது. கட்டையை எடு."

"அத்தான், அது பாக்க வடிவில்லை."

"வடிவு பாக்கிறதெண்டா சுவரில கொழுவ ஒரு படம் வாங்கு."

22-ஐ எடுத்தான். சோக் மாற்றிப் பூட்டலாம். ஒரு சின்னச் சாவியும் மூன்று வளையமும் தந்தார்கள். குழலில் அறை நீளம் 70 மி.மீ. என்று தெளிவாக அடித்திருந்தது. கொப்பி வாங்குவதற்கு முழுக் காரணமும் அந்த ஒரு வரிதான். பணத்தை இலங்கைக் காசாக்கி மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அந்த நேரத்து விலையில் ஓடக்கூடிய பழைய லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று வாங்கியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அவன் உழைத்த காசு.

லீவர் சொட்கன் அங்கே ஏன் இவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1996 ஏப்ரலில் தஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு அரசாங்கம் சட்டத்தை இறுக்கி, தானாக ஏற்றும் துவக்குகளையும் பம்ப் சொட்கன்களையும் சாதாரண ஆட்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கியது. 6 லட்சத்துக்கு மேல் வாங்கி உருக்கினார்கள். லீவர் பழங்காலத்துச் சாமான் என்று தப்பிவிட்டது. பிறகு துருக்கியில் செய்த அட்லர் என்ற புதுமாதிரி லீவர் சொட்கன் இறக்குமதியாக இருந்தபோது 2015-இல் பெரிய அமளி. 2016 கடைசியில் மாநிலங்கள் கூடி, ஐந்து தோட்டா வரை ஒரு லைசென்ஸ் வகை, அதற்கு மேல் கடும் வகை என்று பிரித்தார்கள். 1887-இன் தோட்டாக் குழாய் ஐந்து பிடிக்கும். நான் சொல்வது நான் நின்ற காலத்துக் கதை. வாங்கும் நாளில் உன் மாநிலத்துப் பொலிஸ் பிரிவிடம் விசாரித்துவிட்டு வாங்கு.

மச்சான் இந்தக் கதையைக் காரில் சொல்லிக்கொண்டு வந்தபோது பின் சீட்டில் இருந்த மனுசி கேட்டாள்: "35 பேருக்கோ?" பிறகு யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. 1996 எங்களுக்குக் கிளிநொச்சிச் சனம் சட்டி பெட்டியோடு எங்கள் பக்கத்து மரங்களுக்குக் கீழே வந்து கிடந்த வருசம்.

சுட்ட நாளுக்கு வருகிறேன். ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்தால், லைசென்ஸ் இல்லாதவரும் மேற்பார்வையில் அந்தத் திடலில் சுடலாம். மனுசி காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்துகொண்டாள். நான் முப்பது வருசத்துக்கு மேலாகத் துவக்கைத் தோளில் வைத்ததில்லை. வெடிச் சத்தம் கேட்டிருக்கிறேன், அது வேறு. முதல் தோட்டாவைப் போடும்போது என் விரல் நடுங்கியது. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் குளிர் என்று நினைத்திருப்பார். ஆடி மாதம் அங்கே குளிர்தான்.

லீவரை முழுவதும் கீழே தள்ளி, மேல் வாயால் தோட்டாவைப் போட்டு, பெருவிரலால் முன்னுக்குத் தள்ளினால் குழாய்க்குள் போகும். ஐந்து தள்ளலாம். போட்டியில் இரண்டுதான் போட விடுவார்கள். பிறகு லீவரை மேலே இழுக்க, கீழிருந்து தட்டு ஒன்று தோட்டாவைத் தூக்கிக் கொண்டுவந்து அறையின் வாயில் வைக்கும். இரண்டு பக்கமும் கொக்கி, வெறுந்தோட்டாவை இரண்டு காதிலும் பிடித்து இழுப்பது போல எடுக்கும். எடுத்ததை நேர் மேலே எறியும். இடக்கைக்காரனுக்கு இது சொர்க்கம். வலப்பக்கம் எறியும் துவக்குகள் என் முகத்துக்குக் குறுக்கே வெறுந்தோட்டாவை வீசும். இது தொப்பியில் விழுகிறது. கௌபோய்கள் ஏன் அவ்வளவு பெரிய தொப்பி போட்டார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

உதை? தோட்டா மெல்லியது, போட்டிக்கென்று செய்த சிறு சன்னம். தோளில் ஒன்றும் இல்லை. கன்னத்தில்தான் விழுந்தது. சோங்கு பழைய பாணியில் நன்றாகக் கீழ்நோக்கி வளைந்தது. அப்படி வளைந்தால் வெடிக்கும்போது துவக்கு பின்னால் வருவதைவிட மேலே துள்ளும். கன்னத்தை அழுத்தி வைக்கும் பழக்கம் எனக்கு. பத்தாவது வெடியில் தாடை எலும்பு சொல்லிவிட்டது. தலையை நிமிர்த்திப் பிடித்தேன், சரியாகிவிட்டது. அப்பாவின் முதிரைச் சோங்கு நேரானது என்பது அந்த நிமிசத்தில்தான் எனக்கு நினைவு வந்தது.

மூன்றாவது சுற்றில் சிக்கியது. என் பிழையும் உண்டு. லீவரை அரைவாசி இழுத்துவிட்டுத் திரும்ப மேலே கொண்டுவந்தேன். கிரீனரில் அப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது, ஒரே ஒரு தோட்டாதானே. இதில் அடுத்த தோட்டாவும் குழாயிலிருந்து கிளம்பி, தட்டின் முதுகில் ஏறி, ஒரு கதவுக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைந்த மாதிரி நின்றுவிட்டது. குழலை முன்னுக்குப் பிடித்தபடி மேற்பார்வையாளர் விரல் விட்டு எடுத்தார். இந்தத் துவக்குக்கு நாகரிகம் தெரியாது. அமத்தி, முழுவதும், ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். வாழைக்குலை வெட்டும்போது கத்தியை ஓங்கிவிட்டு நடுவில் யோசிக்கிறவனுக்கு இது ஆகாது.

துவக்கின் பிழையும் உண்டு. மச்சானின் புதுத் துவக்கு மலிவான ஒரு பெட்டித் தோட்டாவை விழுங்கவே மறுத்தது. பார்த்தால் அது 65 மி.மீ. நீளம் குறைந்ததால் தட்டில் ஆடிச் சாய்ந்துவிடுகிறது. 70-ஐப் போட்டதும் ஓடியது. பக்கத்து ஆணி ஒன்று நாற்பது, ஐம்பது வெடியில் தளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தது. இறுக்கி, பிடிபசை ஒரு துளி விட்டுச் சரிக்கட்டினான். அந்தக் காசுக்கு ஆணி தளரக் கூடாது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். குதிரை சின்னது, பின்பக்கம் ஒரு நுனிதான் வெளியே தெரியும். ஏற்றிய குதிரையைச் சுடாமல் இறக்க வேண்டுமென்றால் அந்த நுனியைப் பெருவிரலால் பிடித்து மெல்ல விட வேண்டும். குளிரில், எண்ணெய்க் கையோடு, நான் அதைச் செய்ய மாட்டேன். லீவரைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடு. அதுதான் வழி.

ஒரு படத்தில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே ஒற்றைக் கையால் இந்தத் துவக்கைச் சுழற்றி ஏற்றுவானே, அதைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்தது என்று எனக்குத் தெரியும். அது குழலையும் சோங்கையும் வெட்டி, லீவர் வளையத்தைப் பெரிதாக்கிப் படத்துக்கென்று செய்தது. கடையில் வாங்கும் துவக்கில் அதைச் செய்து பார்த்தால் நாலு விரலும் போகும். மச்சான் முயற்சித்தானா என்று கேட்காதே. ஒரு கிழமை கட்டுப் போட்டிருந்தான்.

ஊருக்குத் திரும்பியதும் போனில் எடுத்த வீடியோவைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் காட்டினேன். இளசுகள் எல்லாம் 'ஆகா' என்றார்கள். எங்கள் சித்தப்பா, ஒரு காலத்தில் முத்தையன்கட்டுக் காட்டை உள்ளங்கை போல அறிந்த வேட்டைக்காரர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மூன்று தரம் போட்டுப் பார்த்தார்.

"மேல் வாய் இவ்வளவு திறக்குது. மழை பெய்தா?"

"உள்ள போகும் சித்தப்பா."

"மண்?"

"போகும்."

"அப்ப இது எங்கட காட்டுக்கு வந்த சாமான் இல்லை. வெயில் காயிற நாட்டுக்கு, சப்பாத்து நனையாமல் நிண்டு சுடுறதுக்கு."

பிறகு தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, "ஆனா அந்தக் கொக்கி ரெண்டும் நல்ல யோசினை" என்றார். அவர் வாயால் ஒரு துவக்கு இவ்வளவு பாராட்டு வாங்கி நான் கேட்டதில்லை.

பன்றிக்கு இங்கே இது வேண்டும் என்று யாரும் கனவு காணத் தேவையில்லை. இங்கே 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம். பயிர்க்காவலுக்கென்று எடுக்கும் ஒரு சாதாரண 12 போருக்கே கிராம அலுவலரிலிருந்து மாவட்டக் கச்சேரி வரை நடையும், ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கும் அலைச்சலும். ஐந்து தோட்டா லீவர் வேண்டும் என்று போய் நின்றால் தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவார்கள்.

எனவே மருமகனே, கொப்பியை எடு. இத்தாலியம் என்றால் 22 அல்லது 24 அங்குலம். கடைக்குப் போகும்போது மருந்தில்லாத ஐந்து பொய்த்தோட்டா கொண்டு போ, கடைக்காரரைக் கேட்டுவிட்டுக் குழாய் நிறையப் போட்டு, ஐந்தும் வெளியே வரும்வரை லீவரை இழு. ஒரே கடையில் இரண்டு இருந்தால் இரண்டையும் இழுத்துப் பார். ஒரே பெட்டியில் வந்தவைகூட ஒரே மாதிரி இருக்காது. மச்சானுக்கு முதலில் காட்டியது மூன்றாவது தோட்டாவில் நின்றது, இரண்டாவது ஓடியது. வளையத்தின் உள்ளே விரலை விட்டு விளிம்பு வெட்டுகிறதா என்று தடவு. பழகும் வரைக்கும் மெல்லிய தோல் கையுறை போடு. 65-ஐ வாங்காதே. நிறத்தைப் பார்க்காதே.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய மறுநாளே படம் அனுப்பியிருந்தான். கடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். சோங்கு தெரிகிறது, அந்த டீசல் நிறம் தெரிகிறது, அவனுடைய பல்லும் தெரிகிறது. குழலில் அறை நீளம் அடித்திருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். கையை எடுத்துவிட்டுத் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.